ஊருக்குள் ஓட்ட ஸ்டைலான மின்சார எஸ்யூவி: வாங்கும்போது சறுக்குகிற இடங்கள்

ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் பார்க்கிங்குக்குப் போங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு காருக்குக் கோடு போட்டு விடுகிற அகலம் வழக்கமாக 2.5 மீட்டர். மஹிந்திரா பிஇ 6 வண்டியின் அகலம், பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே, 1,907 மி.மீ. நட்டநடுவில் நிறுத்தினாலும் இருபுறமும் தலா 30 செ.மீ. கூட மிஞ்சாது. ஒரு பக்கம் தூண், இன்னொரு பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் கார் என்றால் டிரைவர் எப்படி இறங்குவார்? டாடா பஞ்ச் இவியின் அகலம் 1,742 மி.மீ. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சாண்கூட இல்லை. ஆனால் வயிற்றை எக்காமல் இறங்க முடியுமா என்பதை அந்தச் சின்ன வித்தியாசம்தான் முடிவு செய்கிறது. மயிலாப்பூர் சந்துகளிலும், மதுரை மாசி வீதிகளை ஒட்டிய தெருக்களிலும், இரண்டு பக்கமும் டூவீலர் நிற்கும்போது இதே கதைதான்.

நம் ஊரில் எல்லோரும் நீளத்தைத்தான் கேட்பார்கள், “நாலு மீட்டருக்குள்ளா?” என்று. பெட்ரோல், டீசல் காரில் அதற்கு வரிக் காரணம் உண்டு. மின்சாரக் காருக்கு நீளம் எவ்வளவானாலும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். ஆகவே நாலு மீட்டர் கணக்கை விட்டுவிட்டு அகலத்தையும், யூ-டர்ன் எடுக்க எவ்வளவு இடம் வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

பார்க்கிங்கில் நிற்கும்போதே பிளக் எங்கே வரும் என்றும் பாருங்கள். ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக்குக்கு சார்ஜ் போடும் வாய் வண்டியின் மூக்கில். சில வண்டிகளில் பின்சக்கரத்துக்கு மேலே. நீங்கள் ரிவர்ஸில் நிறுத்துகிறவரா, நேராக நுழைகிறவரா என்பதைப் பொறுத்து கேபிள் எட்டும், அல்லது நடைபாதையில் குறுக்கே கிடந்து ஆட்களைத் தடுக்கும்.

மின் இணைப்பு விஷயத்தில் இரண்டு விதமான தவறு நடக்கிறது. ஒன்று, சுவரில் மாட்டும் பெரிய சார்ஜர் இல்லாமல் முடியாது என்று பயப்படுவது. பேட்டரியின் கிலோவாட்-அவர் என்பது நம் கரண்ட் பில் யூனிட்தான். ஊருக்குள் ஒரு யூனிட்டுக்கு 6 முதல் 7 கி.மீ. ஓடும் என்று வைத்தால், தினம் 40 கி.மீ. ஓட்டுகிறவருக்கு ஆறேழு யூனிட் போதும். ஏசிக்குப் போடுகிற 15 ஆம்பியர் பிளக்கிலேயே மூன்று மணி நேரத்துக்குள் அது ஏறிவிடும். ராத்திரி செருகினால் காலையில் தயார். இருபது நிமிடத்தில் 80 சதவீதம் ஏறும் என்று சேல்ஸ்மேன் சொல்வது நெடுஞ்சாலையில் இருக்கும் டிசி சார்ஜர் (அதிவேக சார்ஜர்) கணக்கு. ஊருக்குள் ஓட்டுகிறவர் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, இருக்கிற ஏதோ ஒரு பிளக்கில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்துச் செருகுவது. இது ஆபத்து. ஏசி அவ்வப்போது நின்று நின்று ஓடும். கார் மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். பழைய வீடுகளில் எர்த் ஒழுங்காக இருக்காது, வண்டி சார்ஜ் ஏற்க மறுக்கும். மீட்டரிலிருந்து தனி லைன், தனி எம்சிபி (லோடு கூடினால் தானே அணையும் சுவிட்ச்), சரியான எர்த் என்று எலெக்ட்ரீஷியனை வைத்துச் செய்துவிடுங்கள். வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பில்லையும் இப்போதே போட்டுப் பாருங்கள். மாதம் 1,000 கி.மீ. என்றால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 160 யூனிட் என்று வையுங்கள். தமிழ்நாட்டில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஆக 320 யூனிட். உங்கள் வீடு இப்போது 300 யூனிட்டில் இருந்தால் காரோடு சேர்த்து 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் விகிதம் மாறும். அப்போதும் பெட்ரோலைவிட மலிவுதான், ஆனால் ‘கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்’ என்ற விளம்பரக் கணக்கு வராது. அபார்ட்மெண்ட் என்றால் சங்கத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகு புக்கிங் பணம் கட்டுங்கள். பொது மீட்டரில் செருகிவிட்டு அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அடுத்த ஜெனரல் பாடி மீட்டிங்கில் நீங்கள்தான் அஜெண்டா.

ரேஞ்ச் பற்றி ஏற்கெனவே எல்லோரும் எச்சரிக்கிறார்கள், அதனால் சுருக்கமாக. கிரெட்டா எலெக்ட்ரிக் 2025 ஜனவரியில் வந்தபோது 42 கிலோவாட்-அவர் பேட்டரிக்கு 390 கி.மீ., 51.4-க்கு 473 கி.மீ. என்று சொன்னார்கள். அவை சோதனைக்கூட எண்கள். கால்வாசிக்கு மேல் கழித்துக்கொள்ளுங்கள். நெரிசலில் பிரேக் பிடிக்கிறபோதெல்லாம் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புவதால் ஊருக்குள் மைலேஜ் கூடும், பைபாஸில் வேகம் எடுத்தால் குறையும். சின்ன பேட்டரியே வாரத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுகிற அளவுக்கு வரும் என்கிறபோது, வருடத்துக்கு ஒருமுறை குலதெய்வம் கோயிலுக்குப் போவதற்காகப் பெரிய பேட்டரி வாங்குவது வீண். வீட்டில் பிளக்கே இல்லாதவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்குப் பெரிய பேட்டரி நியாயமான செலவு.

இனி ஸ்டைல். அழகுக்கு ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் பின்சீட்டில் உட்காருகிறவர்கள். பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் பல வண்டிகளில் கால் வைக்கும் இடம் உயர்ந்துவிடும். முழங்கால் மேலே தூக்கி, தொடைக்குத் தாங்கல் இல்லாமல் குந்தியதுபோல் இருக்கும். அதற்கு மேல் கூபே போல் சரிந்து இறங்கும் கூரை, உயரமானவர்களின் தலையில் இடிக்கும். பின்கண்ணாடி சிறுத்துப்போய், ரிவர்ஸ் எடுக்கக் கேமராவை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். மழையில் அந்தக் கேமராவில் சேறு. டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவை அழைத்துப் போங்கள். புடவையோடு ஏறி இறங்கட்டும். கதவோடு படிந்திருக்கும் கைப்பிடியை அவர்களே திறந்து பார்க்கட்டும்.

கண்ணாடிக் கூரை இருந்தால் திரை இருக்கிறதா என்று கேளுங்கள். சென்னையின் மே மாத வெயிலில் அது இல்லாமல் ஏசி திணறும். 19, 20 அங்குலச் சக்கரம் புகைப்படத்தில் அள்ளும். ஆனால் டயரின் பக்கச்சுவர் மெலிதாகிவிடுவதால் ஒவ்வொரு குழியும் இடுப்புக்கு நேராக வரும், ரிம் வளையவும் வாய்ப்பு அதிகம். இவை கனமான வண்டிகள், டயர் சீக்கிரம் தேயும். மாற்று டயரின் விலையை முன்கூட்டியே விசாரியுங்கள். ஸ்டெப்னி கொடுக்காமல் பஞ்சர் கிட்டோடு அனுப்பிவிடும் மாடல்களும் உண்டு. என்னைக் கேட்டால், அதே வண்டியில் சின்னச் சக்கர வேரியண்ட் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுப்பேன்.

டெஸ்ட் டிரைவைக் காலியான ரோட்டில் முடித்துவிடாதீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு, நெரிசலில் கேளுங்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடனே வண்டியை இழுத்து நிறுத்தி, மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பும் ரீஜென் வசதி ஓட்டுகிறவருக்குச் சுகம், பின்னால் இருக்கும் பிள்ளைக்குக் குமட்டல். அதன் அளவைக் குறைத்துவைக்க முடிகிறதா, ஏசிக்குத் தனிப் பட்டன் உண்டா, எல்லாம் டச் ஸ்கிரீனுக்குள்ளேயா என்று பாருங்கள்.

பேட்டரிக்கு ஐபி67 சான்று இருக்கிறது என்றால், ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். வேளச்சேரி வெள்ளத்தில் இரவு முழுக்க நிற்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. பேஸ்மென்ட் பார்க்கிங் என்றால் இன்ஷூரன்ஸில் பேட்டரிக்கான கூடுதல் பாதுகாப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக விலை. எம்ஜி விண்ட்சர் 2024 செப்டம்பரில் 9.99 லட்சம் என்று வந்தது பேட்டரியைச் சேர்க்காத விலை. பேட்டரிக்கு அப்போது ஓடுகிற கிலோமீட்டருக்கு ரூ.3.50 வாடகை, சார்ஜ் செலவு தனி. இந்த மாதிரித் திட்டங்களில் மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று குறைந்தபட்ச நிபந்தனை உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மாதம் 600 கி.மீ. மட்டுமே ஓட்டுகிறவர் 1,500 கி.மீ.க்குக் கட்டினால் வாடகை மட்டும் கிலோமீட்டருக்கு ரூ.8.75 ஆகிவிடும். ‘ஆயுட்கால வாரண்டி’ என்றாலும் அது முதல் உரிமையாளருக்கு மட்டுமா என்று பாருங்கள். ஐந்து வருடம் கழித்து விற்கும்போது வாங்க வருகிறவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.