ஆஃபர் லெட்டரில் 3.6 லட்சம், கைக்கு எவ்வளவு?

ஆண்டுக்கு 3.6 லட்சம் சம்பளம் என்றதும் மாதம் 30,000 கைக்கு வரும் என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். அந்தத் தொகை சிடிசி (CTC). உங்களுக்காக நிறுவனம் செலவழிக்கும் மொத்தப் பணம் அது. வங்கிக் கணக்கில் விழுவது அதைவிடக் குறைவு. கையெழுத்துப் போடும் முன்பே எவ்வளவு குறையும் என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஆஃபர் லெட்டரின் கடைசியில் சம்பளப் பிரிப்பு அட்டவணை இருக்கும். இல்லையென்றால் எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. அடிப்படைச் சம்பளம் மாதம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு 12 சதவீதம், அதாவது 1,800, ஆண்டுக்கு 21,600. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், ஆண்டுக்கு 8,658. மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 6,000, வேரியபிள் பே (செயல்பாட்டைப் பொறுத்துத் தரும் தொகை) 24,000 என்றால் 3.6 லட்சத்தில் கழிக்க வேண்டியது 60,258. மிச்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 24,980. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800 போகும். சென்னையில் தொழில் வரி அரையாண்டுக்கு 1,250, மாதத்துக்குச் சுமார் 208. கைக்கு வருவது ஏறத்தாழ 22,970.

இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி வராது. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை. மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள். இ.எஸ்.ஐ. அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அது உதவும்.

அட்டவணையில் அதிகம் ஏமாற்றுவது வேரியபிள் பே. நிறுவனத்தின் லாபத்தையும் உங்கள் மதிப்பீட்டையும் பொறுத்தது அது. பாதி வரலாம், வராமலும் போகலாம். பணிக்கொடையும் நிரந்தரப் பணியாளருக்கு 5 ஆண்டு முடிந்தால்தான். இரண்டு ஆஃபர்களை ஒப்பிடும்போது இவ்விரண்டையும் பூஜ்யமாக வைத்தே கணக்கிடுங்கள். 4 லட்சம் ஆஃபர் 3.6 லட்சத்துக்குக் கீழே இறங்குவதும் உண்டு.

எதிர்பார்ப்பை எங்கே வைப்பது? பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களில் பொறியியல் முடித்தவருக்குத் தொடக்கம் பெரும்பாலும் 3.2 முதல் 4 லட்சம். பத்தாண்டுகளுக்கு மேலாக இது அதிகம் நகரவில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் ஆலைகளில் மெக்கானிக்கல் படித்தவருக்கு மாதம் 15,000 முதல் 25,000. அங்கே முதலில் கேட்க வேண்டியது, நிறுவனத்தின் நேரடி ஊழியரா, ஒப்பந்ததாரரின் ஆளா, அப்ரண்டிஸா என்பதைத்தான். அப்ரண்டிஸுக்குக் கிடைப்பது உதவித்தொகை, பி.எஃப். கிடையாது, பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயமும் பெரும்பாலும் இல்லை. பி.காம். முடித்து டேலி, ஜி.எஸ்.டி. தாக்கல் தெரிந்தவருக்குச் சிறு ஊர்களில் 12,000-த்தில் தொடங்கும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளமே 19,500, அகவிலைப்படி தனி. அதற்காக இரண்டு மூன்று ஆண்டு வேலையில்லாமல் படிப்பதானால், அந்த ஆண்டுகளின் சம்பளத்தையும் செலவுக்கணக்கில் எழுதுங்கள்.

கல்லூரி வாசல் பேனரில் இருக்கும் ‘அதிகபட்சம் 20 லட்சம்’ ஒரே ஒரு மாணவருடையதாக இருக்கலாம். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசைக்குக் கல்லூரி சமர்ப்பித்த தரவைத் தேடிப் பாருங்கள். வேலை பெற்றவர் எண்ணிக்கையும் இடைநிலைச் சம்பளமும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருபவரின் சம்பளம்) அதில் உண்டு. படிப்பை முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை என்று வகுத்துப் பாருங்கள். இடைநிலைச் சம்பளம் வேலை கிடைத்தவர்களுக்கு மட்டும் எடுத்த கணக்கு.

பாண்ட், அதாவது குறிப்பிட்ட காலத்துக்குமுன் விலகினால் பணம் கட்டுவதாக எழுதித் தரும் ஒப்பந்தம், செல்லாது என்று சீனியர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்திடாதீர்கள். 3 ஆண்டுக்குமுன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. எத்தனை மாதம், எவ்வளவு தொகை, பயிற்சிக் காலத்திலேயே நீக்கினாலும் கட்ட வேண்டுமா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கேட்டால் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. பயிற்சிக் கட்டணம், காப்புத்தொகை என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அந்த இடத்தை விட்டு விலகுங்கள்.

ஆஃபர் வந்தும் சேரும் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போவது ஐ.டி.யில் சகஜம். தேதி எழுத்தில் வரும்வரை மற்ற நேர்காணல்களை நிறுத்தாதீர்கள்.

சேர்ந்த பிறகு முதல் உயர்வு பெரும்பாலும் 10 சதவீதத்துக்குள்தான். பெரிய தாவல் இரண்டு மூன்று ஆண்டு அனுபவத்தோடு நிறுவனம் மாறும்போது வரும். அதற்கு ரிலீவிங் லெட்டர் (பணியிலிருந்து விடுவித்த கடிதம்), கடைசி மூன்று மாதச் சம்பள ஸ்லிப், பி.எஃப். கணக்குக்கான யூ.ஏ.என். எண் மூன்றும் வேண்டும். நோட்டீஸ் காலம் 90 நாள் என்றிருந்தால் புது நிறுவனம் காத்திருக்குமா என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள்.