தமிழ்க் குரலுக்கு இயங்கும் சாதனம்: தவிர்க்க வேண்டிய பிழைகள்

சொன்னால் எரியும் லைட் செய்ய திருகோணமலையில் பல மாணவர்கள் முயல்கிறார்கள். இஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் போர்ட் ஒன்று, சின்ன மைக் ஒன்று, லைட்டுக்குப் போகும் கரண்டைத் தொடுத்துத் துண்டிக்கும் ரிலே ஒன்று போதும். இணையம் தேவையில்லை, சொல்லைப் போர்டே அறிந்துகொள்ளும். 1994இல் கலிபோர்னியாவில் தொடங்கிய சென்சரி நிறுவனத்தின் தொழிலே இதுதான். வயர் மாறிக் கொடுப்பது போன்றவற்றை அவரவரே கண்டுபிடித்துவிடுவார்கள். இலகுவில் பிடிபடாத பிழைகள் வேறு.

பயிற்சியிலும் சோதனையிலும் அதே குரல்கள்

ஐந்து கூட்டாளிகள் சேர்ந்து ஆளுக்கு நூறு தரம் "லைட்டைப் போடு" என்று பதிவார்கள். 500 கோப்புகளையும் குலுக்கி, 400ஐ மொடலின் (சொல்லை அறியப் பழகும் நிரலின்) பயிற்சிக்கும் 100ஐச் சோதனைக்கும் எடுப்பார்கள். சோதனையில் மொடல் பிழையே விடாததுபோல் தெரியும். வீட்டுக்குக் கொண்டுபோனால், அம்மம்மா எத்தனை தரம் சொன்னாலும் லைட் எரியாது. உடனே மைக்கை மாற்றுவார்கள், போர்டை மாற்றுவார்கள். காசும் போகும், கிழமைகளும் போகும்.

மைக்கில் ஒரு குறையும் இல்லை. சோதனைக்கு எடுத்த 100 கோப்பிலும் இருப்பவை பயிற்சியில் கேட்ட அதே ஐந்து குரல்கள், அதே அறை, அதே ஃபேன் இரைச்சல். மொடல் படித்தது சொல்லையா, அந்த ஐந்து பேரையா என்பதை அந்தச் சோதனை காட்டவே காட்டாது.

பிரிக்கும்போது ஆள்வாரியாகப் பிரியுங்கள். ஒருவருடைய பதிவுகள் முழுவதும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். கூகுளின் ஸ்பீச் கமாண்ட்ஸ் என்ற குரல் பதிவுத் தொகுப்பின் இரண்டாம் பதிப்பில் 2,618 பேருடைய 105,829 பதிவுகள் உள்ளன. அங்கே ஒவ்வொரு கோப்பின் பெயரும் பேசியவருக்குரிய குறியீட்டில் தொடங்கும். கோப்பு எந்தப் பிரிவுக்குப் போகும் என்பதை அந்தக் குறியீடே தீர்மானிக்கும். நீங்களும் பதியும்போதே பெயரில் ஆள் இலக்கத்தைச் சேருங்கள்: "ஆள்07_போடு_03". விட்டுவிட்டால், பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டு ஆளைக் கண்டுபிடிக்க வேண்டிவரும்.

ஐந்து பேரிடம் நூறு நூறாக வாங்குவதைவிட ஐம்பது பேரிடம் பத்துப் பத்தாக வாங்குவது எவ்வளவோ மேல். உப்புவெளி, கிண்ணியா, மூதூர், சம்பூர் என்று போங்கள். பல் விழுந்த தாத்தா, மழலை மாறாத பிள்ளை, தமிழ் பேசும் சிங்கள அயலவர் எல்லோரும் வேண்டும். சில பதிவுகளை மூன்று மீற்றர் தள்ளி நின்று எடுங்கள். எட்டுப் பேரைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி, கடைசிச் சோதனைவரை அவர்களுடைய கோப்புகளைத் தொடாதீர்கள். "டேட்டா காணாது" என்று அந்த எட்டுப் பேரையும் பயிற்சிக்குள் இழுத்துப்போடுவதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. அதன்பிறகு அளந்து பார்க்க எதுவுமே மிஞ்சாது.

யாரும் சொல்லாத கட்டளை

"விளக்கை அணை" என்று இங்கே எந்த வீட்டில் சொல்கிறார்கள்? "லைட்டை நூத்து", "நிப்பாட்டு" என்பதுதான் வாயில் வரும். முதலில் ஆட்களைச் சொல்லவிட்டுக் கேளுங்கள், பிறகு கட்டளையை முடிவுசெய்யுங்கள். பல மாதிரி நிரல்கள் ஒரு செக்கன் துண்டைத்தான் எடுக்கும். வயதானவர் ஆறுதலாக "லைட்டை நூத்துங்கோ" என்றால் கடைசிப் பகுதி வெட்டுப்படும். 1.5 செக்கன் வையுங்கள்.

எழுப்பும் சொல்லாக "அம்மா"

வேண்டாம். எழுப்பும் சொல் என்பது கட்டளையைக் கேட்கச் சாதனத்தைத் தயாராக்கும் சொல். "அம்மா" நாள் முழுக்க வீட்டில் கேட்கும்.

வட்ஸ்அப்பில் குரல் சேர்ப்பது

குரல் செய்தி ஓபஸ் என்ற ஒலிச்சுருக்க முறையில் சுருக்கப்பட்டே வரும், சாதனத்தின் மைக் கேட்பதுபோல் இருக்காது. சாதனத்தில் பூட்டப்போகும் அதே மைக்கில், 16 கிலோஹேர்ட்ஸ் மாதிரி வீதத்தில், 16 பிட்டில் பதியுங்கள்.

கூப்பிடாதபோது சோதிக்காமல் விடுவது

தமிழ் வானொலியைப் பக்கத்தில் 24 மணிநேரம் பாடவிட்டு, சாதனம் தானாக எத்தனை தரம் இயங்கியது என்று எண்ணுங்கள். வெட்டுப்புள்ளியை, அதாவது மொடல் எவ்வளவு உறுதியாக இருந்தால் சாதனம் இயங்கலாம் என்ற எல்லையை, அதைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். கூட்டினால் வீணாக இயங்குவது குறையும். உண்மையான கட்டளையைத் தவறவிடுவது கூடும்.

மைக் துளை

ஐஎன்எம்பி441 என்ற சின்ன மைக்கின் ஒலித்துளை அடிப்பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை வெளியே பார்க்கவைத்து, பெட்டிச் சுவருக்கும் போர்டுக்கும் இடையில் ரப்பர் வளையம் வையுங்கள். கடற்காற்றுக்குப் பயந்து வார்னிஷ் பூசினால், துளையை முதலில் ரேப்பால் மூடுங்கள்.

குரலால் கதவு திறப்பது

வேண்டாம். யாராவது போனில் பதிந்து போட்டால் திறந்துவிடும்.

குரலுக்குப் பதிலாக விரலடையாளப் பூட்டு

வலை இழுத்துத் தேய்ந்த விரலிலும் ஐஸ் பெட்டிக்குள் விட்டு எடுத்த ஈர விரலிலும் சோதியுங்கள். ஒருவருக்குக் கைக்கு ஒரு விரலாவது பதியுங்கள். சாவியாலும் திறக்கக்கூடிய பூட்டையே வாங்குங்கள். மின் கிடைக்காவிட்டால் விரலடையாள வாசிப்பான் வேலை செய்யாது.