வீடு வாங்கும் முன் பள்ளி மாவட்டத்தின் கணக்கைப் படிப்பது எப்படி: நியூ ஜெர்சிக்கு ஒரு வழிகாட்டி

நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது, வீட்டு விற்பனைத் தளங்களில் ஒவ்வொரு பள்ளிக்கும் பக்கத்தில் போட்டிருக்கும் பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண்ணைத்தான். அந்த எண் பெரும்பாலும் முடிந்துபோன ஆண்டுகளின் தேர்வு முடிவுகளிலிருந்து வருவது. அதில் பிள்ளைகளின் உழைப்போடு பெற்றோரின் வருமானமும் படிப்பும் கலந்திருக்கின்றன. அடுத்த செப்டம்பரில் அந்தப் பள்ளியில் இசை ஆசிரியர் இருப்பாரா, உங்கள் தெருவுக்குப் பேருந்து வருமா என்பதை அது சொல்லாது. அவற்றைத் தீர்மானிப்பது பள்ளி மாவட்டத்தின், அதாவது அந்த ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பின், பணநிலை. அந்தக் கணக்கு பொதுவில் கிடைக்கிறது, பொறுமையாகப் படித்தால் எவருக்கும் புரியும்.

பள்ளிகளுக்கான பணம் முக்கியமாக உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்தும் மாநில நிதியுதவியிலிருந்தும் வருகிறது. நியூ ஜெர்சியில் ஒரு வீட்டின் சராசரி ஆண்டுச் சொத்து வரி 2024இல் 10,000 டாலரைத் தாண்டியது. மாநிலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்கே போகிறது. இவ்வளவு வசூலித்தும் பற்றாக்குறை வருவதற்குக் காரணங்கள் உண்டு. மொத்த வரி வசூலை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று 2010ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு கட்டியது. சில விலக்குகள் இருந்தாலும், மருத்துவக் காப்பீடு, சிறப்புக் கல்வி, பேருந்து ஒப்பந்தங்கள் ஆகியவற்றின் செலவு அந்த வரம்பைவிட வேகமாக ஏறுகிறது. அடுத்தது, எஸ்-2 என்று அனைவரும் குறிப்பிடும் 2018ஆம் ஆண்டுச் சட்டம். மாநிலத்தின் நிதிப் பங்கீட்டுக் கணக்குப்படி கூடுதலாகப் பெற்றுவந்ததாகக் கருதப்பட்ட மாவட்டங்களின் நிதியுதவியை 2024-25 வரை ஏழு ஆண்டுகளில் படிப்படியாகக் குறைத்து, குறைவாகப் பெற்றுவந்தவற்றுக்கு அது கொடுத்தது. நோக்கம் நியாயமானதே. ஆனால் ஊரின் சொத்து மதிப்பையும் குடியிருப்போரின் வருமானத்தையும் வைத்தே உள்ளூரின் பங்கு கணக்கிடப்படுவதால், வீட்டு விலை ஏறிய ஊர்களில், பள்ளியின் செலவு ஒரு டாலர்கூடக் குறையாத நிலையிலும் உதவி குறையக்கூடும். பெருந்தொற்றுக் கால மத்திய நிதியைப் புதிய பணியிடங்களுக்குச் செலவிட்டிருந்த மாவட்டங்களுக்கு, அதற்கான கெடு 2024 செப்டம்பரில் முடிந்தது இன்னோர் அடி.

இது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை ஜாக்சன் நகரத்தில் காணலாம். ஆண்டுதோறும் உதவி குறைந்துவந்த அந்த மாவட்டம் 2024இல் ஒரு தொடக்கப் பள்ளியை மூடியது; 2025இல் தன் இரண்டு உயர்நிலைப் பள்ளிகளையும் ஒன்றாக இணைத்தது.

ஆகவே முதல் வேலை, பார்க்கும் வீடு எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதை உறுதிசெய்வது. அஞ்சல் முகவரியை நம்பக் கூடாது. மான்மத் ஜங்ஷன், கெண்டல் பார்க் என்ற முகவரிகள் சவுத் பிரன்ஸ்விக் நகரத்துக்குள் வருகின்றன. பிரின்ஸ்டன் என்ற முகவரி கொண்ட எத்தனையோ வீடுகள் பிரின்ஸ்டன் பள்ளி மாவட்டத்தில் இல்லை. மார்ல்பரோ போன்ற ஊர்களில் எட்டாம் வகுப்பு வரை ஒரு மாவட்டம், அதற்குமேல் ஃப்ரீஹோல்ட் வட்டார உயர்நிலைப் பள்ளி மாவட்டம் என்று பிரிந்திருப்பதால், அங்கே இரண்டு கணக்குகளையும் படிக்க வேண்டும்.

ஒவ்வொரு மாவட்டமும் தன் இணையதளத்தில் யூசர் ஃபிரெண்ட்லி பட்ஜெட் என்ற பெயரில் சுருக்கமான வரவு செலவுத் திட்டத்தை வெளியிட வேண்டும் என்பது சட்டம். குறைந்தது மூன்று ஆண்டுகளின் ஆவணங்களை எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். மாநில உதவி ஏறுகிறதா, இறங்குகிறதா? மாணவர் எண்ணிக்கை எந்தப் பக்கம் போகிறது? இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது இருப்பு நிதியை. பொதுவாக, ஒதுக்கீடு செய்யப்படாத உபரியாகத் தன் செலவில் ஏறத்தாழ 2 விழுக்காட்டை மட்டுமே ஒரு மாவட்டம் வைத்துக்கொள்ள முடியும். எனவே நல்ல மாவட்டங்களின் கையிருப்புகூட மெல்லியதே. அந்த மெல்லிய இருப்பையும் கட்டடப் பராமரிப்புக்கென்று ஒதுக்கிய சேமிப்பையும் எடுத்து, ஆண்டுதோறும் தவறாமல் வரும் சம்பளச் செலவை ஒரு மாவட்டம் ஈடுகட்டிவருமானால், அடுத்தோ அதற்கடுத்தோ வரும் ஆண்டில் ஆட்குறைப்பு வரும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுத் தணிக்கை அறிக்கையில் இதை இன்னும் தெளிவாகக் காணலாம்.

எண்களுக்குப் பிறகு பள்ளி வாரியக் கூட்டங்களின் குறிப்புகளைப் படியுங்கள். மார்ச் முதல் மே வரையிலான கூட்டங்களே பயன் மிக்கவை. ஆளுநரின் நிதிநிலை உரையை ஒட்டி உதவித் தொகை தெரியவந்ததும், எதை வெட்டுவது என்ற பேச்சு அப்போதுதான் நடக்கிறது. வெட்டு பொதுவாகக் கணக்குப் பாடத்தில் தொடங்குவதில்லை. நூலகர், தொடக்கப் பள்ளியின் வயலின் வகுப்பு, உலக மொழிப் பாடம், ஆலோசகர், நடுநிலைப் பள்ளி விளையாட்டு ஆகியவையே முதலில் போகின்றன, பிறகு வகுப்பின் அளவு கூடுகிறது. ஆட்குறைப்பில் பணிமூப்பு பார்க்கப்படுவதால் இளைய ஆசிரியர்களே வெளியேறுகிறார்கள். அவர்களில் பலர் மிகுந்த ஈடுபாட்டோடு கற்பிப்பவர்கள் என்பதுதான் இதில் வருத்தமானது.

பேருந்தைத் தனியாகக் கேளுங்கள். எட்டாம் வகுப்பு வரை 2 மைலுக்கும், உயர்நிலையில் 2.5 மைலுக்கும் அப்பால் வசிக்கும் மாணவர்களுக்கே பேருந்து விடுவது கட்டாயம். அதற்குள் வசிப்பவர்களுக்கு ஓடுவது மாவட்டத்தின் சலுகை. நெருக்கடி வரும்போது அது நிற்கலாம், அல்லது கட்டணச் சேவையாக மாறலாம். காலையில் இருவரும் வேலைக்குக் கிளம்பும் வீட்டில் இது சிறிய செய்தி அன்று. பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் திட்டம் இருந்தால், அதைச் சட்டம் காக்கிறது என்றாலும், பேச்சுப் பயிற்சியாளர் பணியிடங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

வரியிலும் கவனம் வேண்டும். புதிதாகக் கட்டிய வீட்டின் விளம்பரத்தில் காணும் வரி, மனைக்கு மட்டும் போட்டதாக இருக்கலாம். கட்டடத்துக்கான மதிப்பீடு பின்னால் வரும். ஊரில் எழும் பெரிய குடியிருப்புத் தொகுதிகள் பைலட் ஒப்பந்தத்தில் கட்டப்படுகின்றனவா என்றும் பாருங்கள். வழக்கமான சொத்து வரிக்குப் பதிலாக ஒரு தொகையைச் செலுத்தும் இந்த ஏற்பாட்டில், நீண்டகால ஒப்பந்தங்களின் பணத்தில் பொதுவாக 95 விழுக்காடு நகராட்சிக்கும் 5 விழுக்காடு கவுண்டி என்ற வட்டார நிர்வாகத்துக்கும் போகிறது. பள்ளிக்குப் பங்கு தரும் கட்டாயம் இல்லை, ஆனால் அங்கே குடிவரும் பிள்ளைகள் அதே பள்ளிக்குத்தான் வருவார்கள்.

2 விழுக்காட்டு வரம்பைத் தாண்ட வேண்டுமானால் மாவட்டம் பெரும்பாலும் தனிக் கேள்வியாக வாக்காளர்களிடம் செல்ல வேண்டும்; கட்டடக் கடனுக்கும் பொதுவாக வாக்கெடுப்பு உண்டு. கடந்த சில ஆண்டுகளில் அந்த ஊர் மக்கள் எப்படி வாக்களித்தார்கள் என்பதைத் தேடிப் பாருங்கள். மதிப்பெண் 9 பெற்று, இருப்பைக் கரைத்துக்கொண்டு, கேட்ட பணத்தை வாக்காளர்கள் மறுத்துவிட்ட மாவட்டத்தைவிட, மதிப்பெண் 7 பெற்று, கணக்கை ஒளிக்காமல் பேசி, மக்களின் ஆதரவையும் பெற்ற மாவட்டத்தையே நான் தேர்ந்தெடுப்பேன்.

முடிவெடுக்க இயலவில்லை என்றால், விருப்பமான மாவட்டத்திலேயே ஓராண்டு வாடகைக்கு இருங்கள். வாடகைக்கு இருப்பவரின் பிள்ளைக்கும் அங்கே படிக்க முழு உரிமை உண்டு. வசிப்பிடச் சான்றாக வாடகை ஒப்பந்தத்தைக் கொடுக்கலாம். ஏப்ரல் இறுதியிலோ மே தொடக்கத்திலோ வரவு செலவுத் திட்டம் பற்றி நடக்கும் பொது விசாரணையில் நேரில் அமர்ந்து, நிறைவேறிய திட்டத்தைப் பார்த்தபின் வீட்டுக்கு முன்பணம் கொடுங்கள்.