லிப்போ பேட்டரிக்கு எத்தனை ஆம்பியரில் சார்ஜ் போடுவது?

ட்ரோன், ரிமோட் விமானங்களில் போடும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் மேல் "2200 எம்ஏஎச், 3எஸ், 30சி" என்று அச்சிட்டிருக்கும். எம்ஏஎச் என்பது கொள்ளளவு, 3எஸ் என்றால் தொடராக இணைத்த மூன்று செல்கள். புதியவர்கள் தடுமாறுவது அந்த 30சி-யில்தான். பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்னோட்டம் எடுக்கலாம் என்பதையே அது சொல்கிறது. ஏற்றும் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சார்ஜ் அளவைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தால் அதுவே உச்சவரம்பு. இல்லையென்றால் 1சி-யை, அதாவது கொள்ளளவை ஒரு மணி நேரத்தில் நிரப்பும் மின்னோட்டத்தை, தாண்டாதீர்கள்.

படி 1: கணக்கு

எம்ஏஎச்-ஐ 1000-ஆல் வகுத்தால் 1சி கிடைக்கும். 2200-க்கு 2.2 ஆம்பியர், 850-க்கு 0.85 ஆம்பியர். 3எஸ், 4எஸ் எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது, வோல்ட்தான் மாறும்.

இதற்கு மேல் தள்ளினால் என்ன ஆகும்? லித்தியம் அயனிகள் செல்லின் எதிர்முனையிலுள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைய நேரம் வேண்டும். அவசரப்படுத்தினால் உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். கொள்ளளவு குறையும். படிவு ஊசிபோல வளர்ந்து இரு முனைகளையும் பிரிக்கும் மெல்லிய படலத்தைத் துளைத்தால் உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். உறைநிலைக்குக் கீழான குளிரில் 1சி-யிலேயே இது நடக்கும்.

படி 2: பேட்டரியைப் பாருங்கள்

உப்பியிருந்தாலோ அடிபட்டிருந்தாலோ சார்ஜ் போடவே கூடாது. பறக்கவிட்டு இறக்கிய சூட்டோடும் வேண்டாம், ஆறட்டும். ஏதாவது ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் சேதமடைந்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜர் ஏற்க மறுக்கும்போது நிக்கல் பேட்டரி மோடில் போட்டு ஏமாற்றி ஏற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

படி 3: இணைப்பு

முதலில் சார்ஜ் வயரின் பனானா பிளக்குகளைச் சார்ஜரில் செருகுங்கள், பிறகுதான் பேட்டரி. மாற்றிச் செய்தால் வெளியே தொங்கும் இரண்டு பிளக்குகளும் ஒன்றையொன்று தொட்டு ஷார்ட் ஆகும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்க உதவும் பேலன்ஸ் வயரையும் மறக்காமல் செருகுங்கள்.

படி 4: செட்டிங்

லிப்போ பேலன்ஸ் மோட், 2.2 ஆம்பியர், 3எஸ். முந்தைய பேட்டரிக்கு வைத்த அளவு அப்படியே நின்றிருக்கலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் பாருங்கள். அதே 2.2 ஆம்பியரை 850 எம்ஏஎச் பேட்டரிக்குக் கொடுத்தால் 2.6சி ஆகிவிடும்.

செல்லுக்கு 4.20, மொத்தம் 12.6 வோல்ட் வந்தபின் சார்ஜர் ஆம்பியரைத் தானே குறைத்துக்கொண்டே போகும். கடைசிப் பகுதி மெதுவாக நகர்வது இதனால்தான். 1சி-யில் முழுதும் ஏற ஒரு மணி நேரம், சற்றுக் கூடுதலாகவும் ஆகலாம். அதுவரை பக்கத்திலேயே இருங்கள். டைல்ஸ் தரை போன்ற எரியாத இடத்தில் வையுங்கள். கை வைத்துப் பார்த்துச் சூடு தெரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

டிபி4056 போர்டு வைத்திருப்பவர்களுக்கு

யூஎஸ்பி-யில் இயங்கும் இந்தச் சின்னச் சார்ஜிங் போர்டு ஒற்றைச் செல்லுக்கு மட்டும். வழக்கமாக இதில் சார்ஜ் அளவைத் தீர்மானிக்க 1.2 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்கும். அது தருவது 1 ஆம்பியர். 250 எம்ஏஎச் குட்டிச் செல்லுக்கு அது 4சி! போர்டிலுள்ள ஐசியின் (சிப்) இரண்டாவது பின்னில் உள்ள அந்த ரெசிஸ்டரைக் கழற்றி 5 கிலோஓம் போட்டால் சுமார் 250 மில்லிஆம்பியர் வரும், 10 கிலோஓம் போட்டால் சுமார் 130. குட்டிச் செல்களுக்கு 10 கிலோஓமே நல்லது.