பார்க்காததை மறந்ததாக எழுதாதீர்கள்

அச்சம் போன்ற உணர்ச்சிகள் நினைவை எப்படி மாற்றுகின்றன என்று ஆராயப் புதிதாக வந்த இரண்டு மாணவர்கள் தங்கள் மெய்நிகர் சோதனையை அண்மையில் எனக்குக் காட்டினார்கள். தலையில் ஹெட்செட்டை மாட்டி, கணினி வரைந்த காட்சிக்குள் பங்கேற்பவரை நடக்கவிடும் சோதனை அது. நான் தொடக்கத்தில் செய்த பிழைகள் அதில் அப்படியே இருந்தன. ஹெட்செட்டுக்கு சார்ஜ் போடுவதை எல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவற்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

பார்வைத் திசையைப் பதிவு செய்யாமல் விடுவது

எங்கள் முதல் சோதனையில் ஓர் இருண்ட நடைக்கூடம். இடப்பக்கம் ஒரு கதவு படாரென்று திறக்கும். வலப்பக்கச் சுவரில் ஒரு சிவப்புக் குடை தொங்கும். மறுநாள் கேட்டபோது, கதவு திறந்து அஞ்சியவர்களில் பலர் குடையைச் சொல்லவில்லை. கதவு திறக்காத காட்சியில் நடந்தவர்கள் சொன்னார்கள். அச்சம் சுற்றுவிவரங்களின் நினைவைக் குலைக்கிறது என்று கட்டுரையே எழுதிவிட்டோம். வரைவைப் படித்த ஒருவர் கேட்டார்: "அவர்கள் குடையைப் பார்த்தார்களா?"

எங்களிடம் பதில் இல்லை. ஹெட்செட் விநாடிக்கு 90 முறை தலையின் திசையைக் கணக்கிட்டுத்தான் காட்சியை வரைந்தது. அந்த எண்களைக் கோப்பில் சேமிக்கும் கட்டளையை நாங்கள் எழுதவே இல்லை. எட்டு மாத உழைப்பு வீணாயிற்று. இன்று நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

திரையில் படம் காட்டினால் எல்லோர் முன்னும் இருப்பது ஒரே படம். மெய்நிகர் உலகில் எதைப் பார்ப்பது என்பதைப் பங்கேற்பவரின் கழுத்து முடிவு செய்கிறது. அஞ்சியவர் கதவையே வெறித்து நிற்பார். நம் பார்வைப் பரப்பு ஏறக்குறைய 200 பாகை. பல ஹெட்செட்டுகள் காட்டுவது 100 பாகை அளவுக்கே. தலையைத் திருப்பாதவருக்கு அந்தக் குடை இல்லவே இல்லை. மனச்சோர்வோ பதற்றக் கோளாறோ உள்ளவர்களை ஆராயும்போது இது அநியாயமாகவே முடியும்: கவனம் சென்ற திசையில் இருந்த வேறுபாட்டை நினைவாற்றல் குறை என்று அவர்கள் தலையில் கட்டிவிடுவோம்.

தலைத் திசையைக் கட்டாயம் பதியுங்கள். கண்ணசைவையும் பதிய முடிந்தால் இன்னும் நல்லது. கண்ணெதிரே வராத பொருளை நினைவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

குமட்டலை அச்சமாக எண்ணுவது

உடல் அசையாமல் காட்சி மட்டும் நகர்ந்தால் சிலருக்குக் குமட்டும், வியர்க்கும். அச்சத்தை அறிய நாம் அளக்கும் தோலின் மின்கடத்துதிறனும் வியர்வையால் உயரும். வரைபடத்தில் அது அச்சம் போலவே தெரியும். 1993இல் வெளிவந்த, 16 அறிகுறிகள் கொண்ட வினாப்பட்டியல் இதற்கென்றே இருக்கிறது. வியர்வையும் அதில் ஒன்று. சோதனைக்கு முன்னும் பின்னும் கொடுங்கள்.

அன்றைக்கே நினைவைச் சோதிப்பது

ஓர் இரவாவது கழியட்டும்.

காட்சி எவ்வளவு கொடூரமோ அவ்வளவு நல்லது என்று நினைப்பது

1995இல் உளவியலாளர் பார்பரா ரோத்பாமின் குழு உயர அச்சத்துக்கு மெய்நிகர் சிகிச்சை அளித்தபோதுகூட, உயரத்தைப் படிப்படியாகத்தான் கூட்டியது. எங்கள் சோதனையில் ஒரு பெண் ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடன் உட்கார்ந்து பேச அன்று யாரையும் நாங்கள் ஏற்பாடு செய்திருக்கவில்லை. இப்போது சோதனை முடிந்த அரைமணி நேரத்துக்கு வேறு யாரையும் அழைப்பதில்லை. அந்த நேரம் முழுவதும் பங்கேற்றவருக்குத்தான்.