எடை குறைய எண்ணெய் பாக்கெட்டை எண்ணுங்கள்

"நாற்பதைத் தாண்டியதும் மெட்டபாலிசம் படுத்துவிட்டது, பச்சைத் தண்ணீர் குடித்தாலும் எடை ஏறுகிறது." எங்கள் பனியன் கம்பெனி ஆபீசில் தினமும் யாராவது இதைச் சொல்வார்கள். நான் அங்கே கணக்கு எழுதுகிறவள். போட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன்.

மெட்டபாலிசம், அதாவது உடம்பு தினம் செலவழிக்கும் கலோரி எவ்வளவு என்று நீங்களும் கணக்குப் போடுங்கள். கிலோவில் உங்கள் எடையை 10 ஆலும், செ.மீ.யில் உயரத்தை 6.25 ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். அதிலிருந்து வயதின் 5 மடங்கைக் கழியுங்கள். பெண்கள் மேலும் 161 கழிக்க வேண்டும். ஆண்கள் 5 கூட்ட வேண்டும். 1990-ல் வந்த மிஃப்ளின் சூத்திரம் இது. நான் 70 கிலோ, 160 செ.மீ., வயது 48. வருவது 1,299 கலோரி. சும்மா படுத்துக் கிடந்தாலே ஒரு நாளைக்கு உடம்புக்கு ஆகும் செலவு இது. நாற்காலி வேலைக்கு 1.3 ஆல் பெருக்கினால் சுமார் 1,700.

வயதின் பங்கைக் கவனித்தீர்களா? பத்து வயது கூடினால் தினச் செலவில் குறைவது வெறும் 50 கலோரி. ஒரு டீஸ்பூன் சர்க்கரையிலேயே 16 கலோரி. இரண்டு ஸ்பூன் போட்டு ஐந்து டீ குடித்தால் சர்க்கரை மட்டும் 160. இதில் மெட்டபாலிசத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

இட்லியை எல்லோரும் எண்ணுகிறோம். தாளிப்பில் போகும் எண்ணெயை யாரும் எண்ணுவதில்லை. மாதம் எத்தனை லிட்டர் பாக்கெட் வாங்குகிறீர்கள் என்று மளிகைச் சீட்டைப் பாருங்கள். நான்கு பேருக்கு நான்கு லிட்டர் என்றால் ஆளுக்கு ஒன்று. ஒரு லிட்டரில் ஏறக்குறைய 8,200 கலோரி, அதாவது தலைக்கு தினம் 270. அதைப் பாதியாக்கினாலே போதும், சோற்றில் கை வைக்க வேண்டாம்.

தினச் செலவைவிட மொத்தத்தில் 300, 400 கலோரிக்கு மேல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். பட்டினி கிடந்தால் தசையும் கரையும், உடம்பும் செலவைச் சுருக்கிக்கொள்ளும். முட்டை, சுண்டல், மீன் கூட்டுங்கள். புரதத்தின் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரிக்கவே போய்விடும். எண்ணெயில் அப்படிப் போவது 3 சதவீதம்கூட இல்லை.

அப்புறம், எடையைக் காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். கல்யாண விருந்துக்கு மறுநாள் ஏறும் ஒரு கிலோ பெரும்பாலும் உப்பு பிடித்துவைத்த தண்ணீர்தான். ஐந்து கிலோ இறங்கியதும் கணக்கைத் திரும்பப் போடுங்கள், செலவும் குறைந்திருக்கும்.

சாப்பாடு மாறாமலே எடை ஏறி, அசதியும் மலச்சிக்கலும் சேர்ந்தால் தைராய்டு டெஸ்ட் எடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே உணவைக் குறைக்க வேண்டும்.