287-ஐ மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

2024 ஏப்ரல் 15, பெங்களூரு. ஐபிஎல் ஆட்டத்தில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் 20 ஓவரில் 287 ரன் குவித்தது. பந்துவீச்சு என்கிற கலையே முடிந்துபோனது என்று பலரும் அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அதே அணி மே 26 அன்று சேப்பாக்கத்தில் நடந்த இறுதிப் போட்டியில் 113-க்குச் சுருண்டது. இடைப்பட்ட ஆறு வாரத்தில் எந்த விதியும் மாறவில்லை. சேப்பாக்கத்தில் பந்து பேசியது, அவ்வளவுதான். முதல் ஓவரிலேயே கொல்கத்தாவின் வேகப்பந்து வீச்சாளர் ஸ்டார்க், ஹைதராபாத்தின் அபிஷேக் சர்மாவின் ஸ்டம்பைச் சாய்த்தார். ஒரு ஸ்கோர்கார்டை வைத்து மட்டைக்கும் பந்துக்கும் இடையிலான சமநிலையை அளப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

அடுத்தது, பழியை எல்லாம் தடித்த மட்டையின் மீதும் சின்ன மைதானத்தின் மீதும் போடுவது. அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒருநாள் ஆட்டத்தில் பந்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். 2011 அக்டோபர் முதல் 2025 நடுப்பகுதி வரை ஆட்டம் முழுக்க முனைக்கு ஒன்றாக இரண்டு புதுப் பந்துகள். 50 ஓவர் முடிந்தாலும் ஒவ்வொரு பந்துக்கும் வயது 25 ஓவர்தான். பந்து தேயாமல் ரிவர்ஸ் ஸ்விங் (பழைய பந்து வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளைவது) எங்கிருந்து வரும்? போதாததற்கு, 2020-இல் கொரோனாவுக்காக, பந்தைப் பளபளப்பாக்க எச்சில் தடவத் தடை வந்தது. 2022-இல் அது நிரந்தரமானது. பந்துவீச்சாளரின் கையிலிருந்து ஒவ்வொரு கருவியாகப் பிடுங்கிவிட்டு, அவருக்குத் திறமை இல்லை என்று சொல்வது அநியாயம்.

அதற்காக எல்லாவற்றுக்கும் விதியையே குற்றம் சொல்லவும் முடியாது. 2006-இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஆஸ்திரேலியா எடுத்த 434-ஐ தென்னாப்பிரிக்கா துரத்திப் பிடித்தது, இரண்டு பந்து விதி வருவதற்கு முன்பு.

சரி, ஆடுகளத்தைக் கரடுமுரடாக்கிவிட்டால் தீருமா? 2024 ஜனவரியில், ஐந்து நாள் ஆட வேண்டிய கேப்டவுன் டெஸ்ட் 642 பந்துகளில் முடிந்துபோனது. அதைச் சமநிலை என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்குப் பிடித்த உதாரணம் 2022 டிசம்பரில் பாகிஸ்தானுக்கு எதிராக இங்கிலாந்து ஆடிய ராவல்பிண்டி டெஸ்ட். முதல் நாளிலேயே இங்கிலாந்து 506 ரன் எடுத்த தட்டையான களம் அது. எச்சிலுக்குத் தடை என்பதால், சக வீரர் ஜாக் லீச்சின் வழுக்கைத் தலையில் ஜோ ரூட் பந்தைத் தேய்த்து வியர்வை ஏற்றினார். ஐந்தாம் நாள் ஆண்டர்சனும் ராபின்சனும் பழைய பந்தை வளைத்தார்கள். அந்த இன்னிங்ஸில் இருவருக்கும் ஆளுக்கு நான்கு விக்கெட். வெளிச்சம் மங்கும் நேரத்தில் இங்கிலாந்து வென்றது.

2025 ஜூலை முதல் ஆண்கள் ஒருநாள் ஆட்டத்தில் 34 ஓவருக்குப் பிறகு அந்த இரண்டில் ஒரே பந்துதான். கடைசி ஓவர் முடியும்போது அதன் வயது 33 ஓவர் (முதல் 34-இல் 17, பிறகு 16). இனி ஒருநாள் ஆட்டம் பார்க்கும்போது, 35-ஆவது ஓவருக்கு எந்தப் பந்தை எடுக்கிறார்கள், அதன் எந்தப் பக்கத்தைத் தேய்க்கிறார்கள் என்று பாருங்கள்.